எர்த் கம்பியை வெட்டி இரைச்சலை நிறுத்தாதீர்கள்

சித்திரை பிறந்ததிலிருந்து என் மேசைக்கு வந்த மூன்றாவது பெட்டி இது. மூன்றுமே பெடியன்கள் வீட்டில் தாங்களாகவே வடிவமைத்துச் செய்த டி.எஸ்.பி. போர்டுகள், அதாவது ஒலியை எண்ணாக்கிக் கணக்குப் போட்டு ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்புகிறவை. மூன்றிலும் கரண்ட் வயரின் பச்சை மஞ்சள் எர்த் கம்பியை உள்ளே வெட்டி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். முதல் இரண்டையும் திருத்திக் கொடுத்து வாயால் சொல்லி அனுப்பினேன். மூன்றாவதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அது விசுவமடுப் பக்கத்திலிருந்து வந்தது. கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற தம்பி. ஏ.டி.ஏ.யு. 1452 என்ற டி.எஸ்.பி. ஐ.சி., பக்கத்தில் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றுகிற ஏ.டி. 1938 கோடெக். நான்கு உள்ளீடு, எட்டு வெளியீடு. அடி ஒலிக்கு சப், நடு ஒலிக்கு மிட், கீச்சொலிக்கு ஹோர்ன் என்று எல்லா ஸ்பீக்கர்களையும் தனித்தனி அம்பில் (அம்ப்ளிஃபயரில்) ஓட்டலாம், ஒவ்வொன்றுக்கும் ஒலியைத் தாமதிக்கும் டிலேயும் அளவுக்கு மேல் போகவிடாத லிமிட்டரும் போடலாம். வெளியே கால் இல்லாத அந்த 72 பின் ஐ.சி.யை வீட்டிலேயே ஹொட் எயாரில் பிடிப்பித்திருந்தான். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றறி கிடைக்காதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட மண் இது. அந்த சோல்டர் வேலையைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்தது. பிறகு பவர் வயர் நுழைகிற இடத்தைப் பார்த்தேன்.

"ஏன் தம்பி வெட்டினனீ?"

"இரைச்சல் அண்ணை. அம்பைக் கொழுவினவுடன ம்ம்ம் எண்டு ஒரே சத்தம். பெட்டியில எர்த்தைக் கழட்டக் கொஞ்சம் குறைஞ்சுது. அம்ப் ரெண்டிலயும் கழட்ட நிண்டிட்டுது."

நின்றது உண்மைதான். அன்று இரவு பஜனை பாட வந்த சிறுமி ஒருத்தி மைக்கைப் பிடித்ததும் அலறிக் கையை உதறினாள். கோயில் என்றால் வெறுங்கால், அதுவும் கழுவிவிட்ட ஈரத் தரை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

மைக்கின் உலோக உடம்பு கேபிளின் ஷீல்ட் (உள் வயர்களைச் சுற்றியுள்ள கம்பி வலை) வழியாக மிக்சருக்குப் போகிறது, அங்கிருந்து உங்கள் பெட்டியின் வெளித் தகட்டுக்குப் போகிறது. அவனுடைய சின்ன மிக்சர் இரண்டு முள் அடாப்டரில் ஓடுவது, அதற்கென்று எர்த் கிடையாது. ஆகவே டி.எஸ்.பி. பெட்டி, அம்ப் இரண்டு என மூன்றிலும் எர்த்தைக் கழற்றிய அந்த நிமிடமே மைக், மிக்சர், டி.எஸ்.பி., அம்ப் எல்லாம் ஒன்றாக அந்தரத்தில் தொங்கத் தொடங்கிவிட்டன. சுவிட்ச் மோட் பவர் சப்ளைகளுக்குள் கரண்ட் லைனுக்கும் தகட்டுக்கும் இடையில் சின்னக் கப்பாசிற்றர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அவை தகட்டை 230 வோல்ட்டின் பாதி அளவுக்குத் தூக்கிவிடும். பாயும் கரண்ட் சிறியது, விறுக்கென்று உதறும், அவ்வளவுதான். ஆனால் ஒரு நாள் ரான்ஸ்போமரின் இன்சுலேஷன் எரிந்தாலோ, உள்ளே ஒரு வயர் கழன்று தகட்டில் பட்டாலோ முழு 230 வோல்ட்டும் மைக்குக்கு வரும். எர்த் இருந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கும், அல்லது பியூஸ் போயிருக்கும். இல்லாதபடியால் கரண்டுக்குக் கிடைக்கிற ஒரே வழி பாடுகிறவரின் உடம்பு.

"ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே அண்ணை" என்கிறார்கள். வீட்டில் இருக்கும், 30 மில்லி அம்பியரில் விழும், நல்லது. திருவிழாப் பந்தலில் ஜெனரேற்றர் ஓடுகிறது. அதன் நியூட்ரலை எர்த்தோடு இணைக்காமல் விட்டால், ட்ரிப் சுவிட்சுக்கு ஒழுகுகிற கரண்ட் தெரியவே வராது. எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. மாரியில் அடித்த எர்த் கம்பி, சித்திரை வைகாசியில் மண் காய்ந்து இறுகிய பிறகு அதே அளவுக்கு வேலை செய்யாது.

இனி, என்னை மிகவும் வதைக்கிற நம்பிக்கைக்கு வருகிறேன். "எர்த்தாலதான் இரைச்சல் வருது." தயவுசெய்து இதை மறந்துவிடுங்கள். இரண்டு பிளக் பொயின்ட்களின் எர்த்துக்கிடையே எப்போதும் சிறு வோல்ட் வித்தியாசம் இருக்கும். ஓடியோ கேபிளின் ஷீல்ட் அந்த இரண்டையும் இணைத்தால் அதில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் பாயத்தான் செய்யும். பாயட்டும். உங்கள் போர்டுக்குள் அதை ஏன் விட்டீர்கள் என்பதுதான் கேள்வி. தம்பியின் போர்டில் மைக் கேபிள் கொழுவுகிற மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். சொக்கெட்டில், ஷீல்ட் வந்து சேரும் முதலாம் பின்னை நேரே போர்டின் கிரவுண்ட் செம்பில் சோல்டர் செய்து, அது கோடெக்கின் அடியால் போகிறது. ஷீல்டில் வந்த கரண்ட் எல்லாம் அந்தச் செம்பு வழியாக நடக்கிறது. சில மில்லி வோல்ட் போதும், அம்ப் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதே பிழையை நீல் மன்சி என்ற பொறியியலாளர் 1995இலேயே விளக்கி எழுதிவிட்டார். ஒலித் தொழிலில் இதற்குப் பெயரே 'பின் ஒன்று பிரச்சினை'தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலாம் பின்னை சொக்கெட் இருக்கும் இடத்திலேயே தகட்டோடு இணையுங்கள். போர்டின் கிரவுண்டை உள்ளீட்டுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் தகட்டோடு சேருங்கள். உள்ளீட்டை, இரண்டு சிக்னல் வயர்களின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கிற டிஃபரென்ஷியல் ரிசீவர் ஐ.சி. ஒன்றின் வழியாகக் கொண்டுவாருங்கள். பிறகும் மிச்ச இரைச்சல் இருந்தால் நல்ல ஓடியோ ரான்ஸ்போமர் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பிளக் பொயின்டிலிருந்து எடுங்கள். 100 ஹெர்ட்ஸில் இரைந்தால் அது வேறு கதை, உங்கள் பவர் சப்ளையைப் பாருங்கள்.

இதன் கூடப்பிறந்த பிழை ஒன்று போர்டிலேயே இருந்தது. டேற்றா ஷீட்டில் அனலொக் கிரவுண்ட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று இரண்டு பெயர் இருக்கிறது என்பதற்காகச் செம்பை நடுவால் இரண்டாக வெட்டியிருந்தான். அந்தப் பெயர்கள் ஐ.சி.க்குள் எந்தப் பகுதி எந்தப் பின்னில் முடிகிறது என்பதைச் சொல்கின்றன. எட்டு சனலை ஒரே வயரில் 48 கிலோ ஹெர்ட்ஸில் அனுப்ப, அதற்குத் தாளம் போடுகிற பிட் குளொக் 12.288 மெகா ஹெர்ட்ஸில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் திரும்பி வரும் கரண்ட் தான் போன ட்ரேசின் (போர்டின் செம்புக் கோட்டின்) நேரே அடியால்தான் வரப் பார்க்கும். அடியில் வெட்டு இருந்தால் வாய்க்கால் உடைந்த தண்ணீர் மாதிரி சுற்றி அலைந்து, போகிற இடமெல்லாம் சத்தத்தை விதைக்கும். செம்பை வெட்டாதீர்கள். டிஜிட்டல் பாகங்களை ஒரு பக்கம், அனலொக் பாகங்களை மறுபக்கம் வையுங்கள், அடியில் ஒரே தளம் இருக்கட்டும்.

மற்றவை சுருக்கமாக. புதுப் பெட்டிக்கு முதன்முதல் கரண்ட் கொடுக்கும்போது சீரிஸ் பல்ப் (கரண்ட் வரும் வழியில் தொடராக ஓர் இழை பல்ப்) வைத்துக் கொடுங்கள். அம்பைக் கடைசியில் போடுங்கள், முதலில் நிறுத்துங்கள். 3.3 வோல்ட்டில் ஓடும் இந்தக் கோடெக்கின் வெளியீடு அதில் ஏறத்தாழப் பாதியில் நிற்பது. அது எழும்புகிற கணத்தில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும், அதை அடக்க வெளியீட்டில் மியூட் ரிலே வேண்டும். ஹோர்னை அம்பில் நேரடியாகக் கொழுவாதீர்கள். டி.எஸ்.பி.யில் 2 கிலோ ஹெர்ட்ஸில் வெட்டினாலும், 8 ஓம் ஹோர்னுக்கு முன்னால் 33 மைக்ரோ ஃபாரட் போலாரிட்டி இல்லாத கப்பாசிற்றர் ஒன்று இருக்கட்டும். அது ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தணிக்கும். சப்புக்கான வயரை இருட்டில் மாற்றிக் கொழுவுகிற நாளில் அதன் அருமை தெரியும். எட்டு வெளியீட்டுக்கும் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஒட்டாத பெட்டியை நான் திருத்துவதே இல்லை.

தம்பியின் பெட்டியில் எர்த்தைத் திரும்பக் கொழுவி, முதலாம் பின்களைத் தகட்டுக்கு மாற்றி, பிளந்த செம்பின் குறுக்கே ட்ரேஸ் போகிற இடங்களில் செம்புத் தகட்டுத் துண்டுகளால் பாலம் போட்டோம். இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. எர்த் இருந்தபடியே அம்பைக் கொழுவி ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டான். சத்தமில்லை.

வைகாசிப் பொங்கல் வருகிறது. வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் பந்தலும் பாட்டுமாக இருக்கும். அதற்கு முன் உங்கள் பெட்டிகளைக் கொண்டுவாருங்கள், பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து தகட்டுக்கும் தகட்டிலிருந்து மைக்குக்கும் மீட்டர் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. காசு வேண்டாம். வெட்டியிருந்தாலும் மறைக்காமல் கொண்டுவாருங்கள் பிள்ளைகளே. ஏசமாட்டேன், பச்சைக் கம்பியைத் திரும்பக் கொழுவித் தருகிறேன்.