"எல்லாம் முடியட்டும், பிறகு பாப்பம்" என்கிறவர்களுக்கு

"எப்படி இருக்கிறீங்கள்?" என்று யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் வருகிற பதில் "ஏதோ இருக்கிறம்" என்பதுதான். கிளினிக்கில் மட்டுமல்ல, திருநெல்வேலிச் சந்தையிலும் கோயில் வீதியிலும் இதே பதில்தான். நல்லாய் இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்ற பயம் பாதி, சொல்லுமளவுக்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம் மீதி. உளவளத்துணைக்கென்று வருகிற நடுத்தர வயதுக்காரர் பலருக்கு நோய் என்று பெயர் வைக்கும்படி ஒன்றும் இருப்பதில்லை. நித்திரை குறைவு, அலுப்பு, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். "கடைசியாக எப்போது புழுகமாக இருந்தீர்கள்?" என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். பிறகு ஒரு கலியாண வீட்டையோ, பிள்ளையின் ரிசல்ட் வந்த நாளையோ சொல்வார்கள். அதற்கும் இன்றைக்கும் இடையில் ஐந்தாறு வருசம் போயிருக்கும்.

அந்த வருசங்களில் சந்தோசமே வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. "மகளின்ர ஓ/எல் முடியட்டும்." "வீட்டுக் கடன் முடியட்டும்." "தம்பி வெளிநாடு போய்ச் சேரட்டும்." சந்தோசத்தை ஒரு பெரிய வேலையின் கடைசியில் கிடைக்கும் சம்பளம் போல வைத்திருக்கிறோம். ஒன்று முடிந்தால் அடுத்தது வந்து நிற்கும். முடிந்ததன் புழுகமும் நினைத்த அளவுக்கு நீடிக்காது. புது வீட்டின் ரைல்ஸ் பளபளப்பு ஆறு மாதத்தில் கண்ணில் படாமல் போவது யாருக்கும் தெரிந்ததுதான். 1971இலேயே பிரிக்மன், காம்ப்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனிதர் எந்தப் பெரிய நன்மைக்கும் பழகிப்போவதைப் பற்றி எழுதிவிட்டார்கள். பெரியதற்குப் பழகிவிடுகிற மனதுக்கு, சிறியதை அடிக்கடி கொடுப்பதுதான் வழி.

இதை எப்படிச் செய்வது என்பதுதான் என் தொழிலில் பாதி வேலை. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கச் சொல்வேன். நாலு கோடு அடித்து, நேரம், செய்தது, அதில் கிடைத்த இன்பம், செய்து முடித்த திருப்தி என்று எழுத வேண்டும். கடைசி இரண்டுக்கும் 0 முதல் 10 வரை ஒரு புள்ளி. இது நான் கண்டுபிடித்ததல்ல, உளவியல் சிகிச்சையில் பல பத்தாண்டுகளாக இருக்கிற முறை. (இங்கே சொல்கிற ஆட்கள் பலரின் கதைகளைக் கலந்து, விபரங்களை மாற்றி எழுதியவர்கள். ஆரெண்டு தேட வேண்டாம்.)

சாவகச்சேரிப் பக்கமிருந்து பட்டினத்துக்கு வேலைக்கு வருகிற ஒரு அக்கா. கணவர் வெளிநாட்டில். வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். முதல் கிழமைக் கொப்பியைக் கொண்டுவந்தபோதே, "இதில ஒண்டுமில்லை, சும்மா பாருங்கோ" என்றார். எழும்பியது 0, 0. சமையல் 0, 3. மாமிக்குத் தேத்தண்ணியும் மருந்தும் 0, 2. இரவு போன் பார்த்தது ஒன்றரை மணித்தியாலம்: 2, 0. பக்கம் முழுக்க இப்படியே. வியாழக்கிழமைக் காலையில் மட்டும் "பஸ்" என்று எழுதி இன்பத்துக்கு 4 போட்டிருந்தார். எப்படி என்று கேட்டேன். "யன்னல் பக்கம் இடம் கிடைச்சது. நாவற்குழிப் பாலத்தில கடற்காத்து முகத்தில அடிச்சது. அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, வீணாக ஏதோ எழுதிவிட்டதைப் போல வெட்கப்பட்டார்.

மற்ற நாட்களும் அதே பஸ்தான், அதே பாலம்தான். அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று திருப்பிப் பார்த்தோம். அலுவலக வட்ஸ்அப் குழுவில் யார் என்ன போட்டார்கள் என்று பார்த்தபடி வந்திருக்கிறார். ஆக அந்தக் கிழமைக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: கைதடி தாண்டியதும் போனைக் கைப்பைக்குள் போடுவது, அரியாலை வந்த பிறகு எடுப்பது. யன்னல் பக்கம் இடம் கிடைக்காவிட்டாலும் இதுதான் விதி. அடுத்த கிழமைக் கொப்பியில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. இரண்டு நாலு, ஒரு ஐந்து, மழை நாளில் ஒரு ஒன்று. ஆனால் புதிதாக வேறு ஒரு வரி வந்திருந்தது: "செவ்வரத்தைக்குத் தண்ணி விட்டது 3, 3." அதைப் போய்ச் செய்யும்படி நான் சொல்லவில்லை. ஒரு இடத்தில் கவனம் திரும்பினால் இன்னொரு இடத்திலும் திரும்பும் என்பதைத்தான் இந்தக் கொப்பிகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கடமையே நாளாகக் கழிகிறவர்களுக்குத் திருப்திக் கோட்டில் ஏதாவது இருக்கும், இன்பக் கோடு காலியாக இருக்கும். பென்சன் எடுத்து வீட்டில் இருக்கிறவர்களுக்கோ இரண்டுமே காலி. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் அப்படித்தான் வந்தார், மகளின் வற்புறுத்தலில். முன்பு பின்னேரத்தில் வாசிகசாலைக்குப் போய் பேப்பர் எல்லாம் பார்த்து, அரசியலில் யாருடனாவது கொளுவிவிட்டுத்தான் வீடு திரும்புகிறவர். மனைவி போன பிறகு போவதில்லை. "மனம் வந்தால் போவன், பிள்ளை" என்றார்.

இந்த வசனத்தைக் கேட்காத கிழமை இல்லை. மனம் வந்தால் செய்வேன். சிக்கல் என்னவென்றால், சோர்ந்த மனம் முதலில் வராது. 1970களில் பீட்டர் லூவின்சன் என்ற உளவியலாளர் இதைத் தெளிவாகச் சொன்னார்: சோர்வில் மனிதர் ஒதுங்குகிறார், ஒதுங்குவதால் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சின்னச் சின்ன நன்மைகள் நிற்கின்றன, அவை நிற்பதால் சோர்வு கூடுகிறது. அந்தச் சுற்றைச் செயலின் பக்கமிருந்து உடைக்கலாம். 2016இல் இங்கிலாந்தில் மனச்சோர்வுள்ள 440 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இப்படிச் செயலிலிருந்து தொடங்கும் எளிய சிகிச்சை, எண்ணங்களையும் ஆராய்கிற நுணுக்கமான சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று கண்டார்கள். கொடுத்தவர்களும் பெரிய நிபுணர்கள் அல்லர், குறுகிய பயிற்சி பெற்ற இளநிலைப் பணியாளர்கள். எங்கள் அயலில், கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்து பார்த்தபோதும் பலன் இருந்தது. நிபுணர்கள் குறைவான எங்களைப் போன்ற இடத்துக்கு இது நல்ல செய்தி.

மாஸ்ரருக்குக் கொடுத்த வேலை, வாசிகசாலை வாசல் மட்டும் சைக்கிளில் போய்த் திரும்புவது. உள்ளே போக வேண்டாம். இரண்டு நாள் அப்படியே திரும்பினார். மூன்றாம் நாள் உள்ளேயிருந்து ஒருவர், "என்ன மாஸ்ரர், வெளியில நிக்கிறியள்?" என்று கூப்பிட்டிருக்கிறார். அன்று மாகாண சபையைப் பற்றி வாய்த்தர்க்கம். கொப்பியில் "சண்டை 6, 5" என்று எழுதியிருந்தார்.

ஆனால் அவர் அதை எழுதிவிட்டு வெட்டியும் இருந்தார். மனைவி போய் வருசம் திரும்பவில்லை, அதற்குள் எனக்கு ஆறோ என்று. இந்த இடம் எங்கள் ஊரில் மிகவும் பாரமானது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். 2009இல் பிள்ளையைத் தொலைத்துவிட்டு இன்றைக்கும் தேடுகிற தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் "சின்னச் சந்தோசங்களை அனுபவியுங்கள்" என்று பேசுவது எனக்குக் கூச்சம் தருகிற காரியம், அதைச் செய்யவும் கூடாது. ஆனால் சிரித்துவிட்டு அதற்காகத் தன்னையே ஏசுகிறவரிடம் ஒன்றைச் சொல்லலாம். இழப்பை ஆராய்ந்த ஸ்ட்ரூபே, ஷுட் இருவரும் 1999இல் விளக்கியபடி, துக்கப்படுகிற மனம் இழப்புக்கும் அன்றாடத்துக்கும் இடையில் போய்ப்போய் வருவதுதான் இயல்பு. வெளியே வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற மனம் யாரையும் மறந்துவிடவில்லை. மாஸ்ரர் வெட்டின ஆறை நாங்கள் திரும்ப எழுதவில்லை, அப்படியே விட்டோம்.

சந்தோசத்தைப் போலவே நாங்கள் கஞ்சத்தனமாகக் கொடுக்கிற இன்னொன்று, நல்ல வார்த்தை. 96 புள்ளியோடு வந்த பிள்ளையிடம் "மிச்சம் நாலு எங்க?" என்று கேட்கிற ஊர் இது. புகழ்ந்தால் தலைக்கனம் வரும், கண்ணூறு படும். அந்தப் பிள்ளை வளர்ந்து நாற்பது வயதில் அலுவலகத்தில் இருக்கும்போதும் பிழை விட்டால்தான் யாராவது பேசுகிறார்கள். "யோசிக்காதேங்கோ, எல்லாம் சரி வரும்" என்பதும் உற்சாகம் கொடுப்பதில்லை, அது பேச்சை முடிக்கிற வசனம். கண்டதைச் சொல்வதுதான் வேலை செய்யும். "காலமை அந்த அம்மாவுக்குப் பொறுமையாப் படிவம் நிரப்பிக் குடுத்தனீங்கள், பாத்தனான்." இதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்டவர் அன்று முழுக்க அதை வைத்திருப்பார்.

நல்ல செய்தியை எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்பதும் இதில் சேரும். ஷெல்லி கேபிளும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் நல்லது சொல்லும்போது மற்றவர் அக்கறையாகக் கேட்டு விசாரித்தால் சொன்னவரின் மகிழ்ச்சியும் உறவின் நெருக்கமும் கூடுவதைக் காட்டினார்கள். எங்கள் வீடுகளில் நடப்பது வேறு. "இண்டைக்கு மனேஜர் என்ர வேலையை நல்லது எண்டவர்" என்று மனைவி தொடங்கினால், "சரி சரி, கரண்ட் பில் கட்டினீரோ?" கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வருகிற அழைப்பிலும் காசு வந்ததா, பிரஷர் குளிசை போட்டதா என்பதோடு முடிந்துவிடும். அந்த நேரத்தில் "பிறகு என்ன சொன்னவர்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். காசு செலவில்லை, அரை நிமிசம் போகும்.

இனி ஒரு எச்சரிக்கை. கொப்பியும் கடற்காத்தும் எல்லாருக்கும் போதாது. முன்பு பிடித்த எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் நாளின் பெரும்பகுதி கழிகிறது, நித்திரையும் சாப்பாடும் மாறிவிட்டன, செத்துப்போனால் என்ன என்ற நினைவு வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும்கூட இப்படித்தான் காட்டும், ஆகவே முதலில் வைத்தியரிடம் போங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு, காசு கட்டத் தேவையில்லை. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது. சாவைப் பற்றிய நினைவு வந்தால் கிளினிக் நாள் மட்டும் பொறுத்திருக்க வேண்டாம். பின்னேரத்தில் கொஞ்சம் எடுத்தால்தான் மனம் லேசாகிறது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மது அந்த ஒரு மணித்தியாலத்துக்குத்தான் உதவும், நித்திரையைக் கெடுத்து அடுத்த நாளின் சோர்வைக் கூட்டிவிடும்.

மற்றவர்கள் இந்தக் கிழமையே கொப்பியைத் தொடங்கலாம். நல்ல பேனை, நல்ல நாள் எதுவும் வேண்டாம். இரவு படுக்கப் போகும்போது மொத்தமாக எழுதினால் நாள் முழுக்கப் பூச்சியமாகத் தெரியும், அதனால் மதியம் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் எழுதுங்கள். ஒன்று, இரண்டு என்ற புள்ளிகளையும் விடாமல் எழுதுங்கள், வேலை செய்யக் கிடைப்பது அவைதான். அந்த வரிகளில் எது திரும்பச் செய்யக்கூடியது, எப்போது, எந்த இடத்தில் என்று பார்த்து அடுத்த கிழமைக்கு ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தால் அவருக்கும் ஒரு கொப்பி வாங்கிக் கொடுக்கலாம். நடுவில் மூன்று நாள் எழுதாமல் விட்டுப்போனால் உட்கார்ந்து நிரப்ப வேண்டாம், அன்றைய திகதியைப் போட்டுத் தொடருங்கள்.