அனுப்பியவர் முகவரி சரியாக இருந்தாலும்

கோவையில் சின்னச் சின்ன அலுவலகங்களின் கணினிகளையும் மின்னஞ்சல்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. போன மாதம் ஒரு நாள், இரவு பதினொரு மணி தாண்டி ஓர் அழைப்பு. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு லோகோ வரைந்து கொடுக்கும் பெண் அவர். அதற்கான பணம் பேபால் என்ற இணையவழிப் பணச் சேவை மூலம் வரும். "அண்ணா, பேபால்ல இருந்து மெயில் வந்துச்சு. உள்ள போய் ஓடிபி வரைக்கும் போட்டுட்டேன். இப்பதான் பயமா இருக்கு" என்றார்.

மெயிலை வாங்கிப் பார்த்தேன். நீல நிறச் சின்னம், பிழையில்லாத ஆங்கிலம். உங்கள் கணக்கை முடக்கியிருக்கிறோம், 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யுங்கள் என்றது. எழுத்துப்பிழையை வைத்துப் போலியைப் பிடித்த காலமெல்லாம் போய்விட்டது. போனில் அனுப்பியவர் என்ற இடத்தில் 'பேபால்' என்று மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதைத் தொட்டால்தான் உண்மையான முகவரி விரியும்.

இணைப்பு 'பேபால் டாட் காம்' என்றுதான் தொடங்கியது. ஆனால் அதோடு நிற்கவில்லை. சாய்கோடு (/) வர வேண்டிய இடத்தில் இன்னொரு புள்ளி, அப்புறம் சம்பந்தமே இல்லாத ஒரு பெயர். தபால் முகவரியில் ஊர் கடைசியில் வருவது போல, தளத்தின் பெயரிலும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக, 'டாட் காம்' போன்ற வாலோடு சேர்ந்து நிற்பதுதான் சொந்தக்காரர் பெயர். அதற்கு முன்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

பேசிக்கொண்டே இருந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். எப்போதும் தானாக நிரம்பும் பாஸ்வேர்டு அன்று நிரம்பவில்லையாம், கையால் அடித்திருக்கிறார். பாஸ்வேர்டைச் சேமித்து வைக்கும் மென்பொருள் சின்னத்தையோ நிறத்தையோ பார்ப்பதில்லை, தளத்தின் பெயரைத்தான் பார்க்கிறது. அது சும்மா இருந்தால் நாமும் கையை எடுத்துவிட வேண்டும். ஓடிபி இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். போலிப் பக்கத்தில் போடும் ஓடிபியை அவர்கள் அதே நொடியில் உண்மையான தளத்தில் போட்டு உள்ளே போய்விடுவார்கள்.

"பேலன்ஸே இல்லையே, எதைத் திருடுவார்கள்?" என்று பலர் கேட்கிறார்கள். இந்தியக் கணக்குகளில் வரும் பணம் தினமும் வங்கிக்குப் போய்விடுகிறது, உண்மைதான். அவர்களுக்கு வேண்டியது நீங்கள் இணைத்து வைத்திருக்கும் கார்டு.

இதைவிட மோசமான ஒரு வகை உண்டு. பேபாலில் கணக்கு தொடங்கி யாருக்கும் இன்வாய்ஸ், அதாவது பணம் கேட்கும் பில், அனுப்ப முடியும். மோசடிக்காரர்கள் அப்படி ஒன்றை அனுப்பி, குறிப்பில் "இந்தப் பொருளை நீங்கள் வாங்கவில்லை என்றால் உடனே அழையுங்கள்" என்று தங்கள் போன் எண்ணை எழுதிவிடுகிறார்கள். மெயில் நிஜமாகவே பேபாலின் முகவரியிலிருந்து வரும். நான் சொன்ன சோதனை எதிலும் அது சிக்காது. அழைத்தால், திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்வார்கள். இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. ஆகவே உள்ளூர்க் கடையில் பேபால் வழியாக ரூபாயில் பணம் கட்டியதாக மெயில் வந்தால் அது போலிதான், சந்தேகமே வேண்டாம்.

என் வாடிக்கையாளர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். மெயிலில் உள்ள இணைப்பையும் எண்ணையும் தொடாதீர்கள். செயலியை நீங்களே திறந்து பாருங்கள். கணக்கில் நிஜமாகவே சிக்கல் என்றால் அங்கேயும் அது தெரியும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு இரவைக் கடத்தாதீர்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நம் கவனக்குறைவால் போன பணத்துக்கு வங்கியிடம் சொல்லும் வரை நாம்தான் பொறுப்பு. சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. முதலில் வங்கியை அழையுங்கள், அடுத்து சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை.

அந்தப் பெண்ணை வேறு கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்ற வைத்து, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற வைத்தேன். கார்டை வங்கிச் செயலியிலேயே முடக்கினார். பன்னிரண்டு மணிக்கு அவர் போனுக்கு அடுத்தடுத்து இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. இரண்டுமே, முடக்கிய கார்டில் பணம் எடுக்க யாரோ செய்த முயற்சி தோற்றதாகச் சொன்னவை.