முட்டைக்கோஸ் இலையில் கரண்ட் எடுக்கலாம், ஆனால் இது ஊட்டி

கேரட் கழுவும் இடத்திலும் மண்டியிலும் குவிந்து நாறும் கழிவைக் காட்டி "சார், இதுல கரண்ட் எடுக்க முடியாதா?" என்று என்னிடம் கேட்காத ஆள் நீலகிரியில் குறைவு. இந்த மாதிரி திட்டங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. எடுக்கலாம். சென்னை கோயம்பேடு சந்தையிலேயே நாளைக்கு 30 டன் காய்கறிக் கழிவுக்கென்று ஆலை கட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வரும் கொட்டேஷன் எல்லாம் அங்கே அடிக்கிற வெயிலுக்குப் போட்ட கணக்கு.

ஒரு டன் முட்டைக்கோஸ் இலையில் சுமார் 900 கிலோ தண்ணீர்தான். மிச்சமிருப்பது காற்றுப் புகாத தொட்டியில் அழுகி, தோராயமாக 40 கன மீட்டர் வாயு வரும். சின்ன இன்ஜினில் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்தால் 60 யூனிட். இதெல்லாம் தொட்டி 35 டிகிரியில் இருந்தால். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் தோசை மாவே ஒழுங்காகப் புளிக்காது, தொட்டிக்குள் இருக்கும் பாக்டீரியா மட்டும் எப்படி வேலை செய்யும்? 20 டிகிரிக்குக் கீழே போனாலே மந்தமாகிவிடும், 10-ஐ நெருங்கினால் கிட்டத்தட்டப் படுத்துவிடும். கூடலூர் இதே மாவட்டம்தான் என்றாலும் அங்கே குளிர் குறைவு, அந்தக் கணக்கை ஊட்டிக்கு எடுத்து வரக் கூடாது.

இதற்கு வழி இன்ஜினிலேயே இருக்கிறது. வாயுவில் உள்ள சக்தியில் நாலில் ஒரு பங்கு, நன்றாக ஓடினால் மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகிறது, மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்ஸர் வழியாகவும் சூடாக வீணாகப் போகிறது. அந்த வெந்நீரைக் குழாய் போட்டுத் தொட்டிக்குள் சுற்றவிட்டு, தொட்டியை மண்ணுக்குள் இறக்கி, மேலே குளிர் இறங்காமல் மூடினால் குளிர்காலத்திலும் ஓட்டலாம். கொட்டேஷனில் சூடு பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், காய்கறியை மட்டும் கொட்டினால் தொட்டி சீக்கிரமே புளித்துப் போகும். வாயு வரும், ஆனால் பற்றவைத்தால் எரியாது. மாட்டுச் சாணம் கலந்தே போட வேண்டும், அதனால் பக்கத்தில் மாடு இருக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. முட்டைக்கோஸில் கந்தகம் வேறு அதிகம். அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு இன்ஜினுக்குள் போனால் ஆயிலைக் கெடுத்து பேரிங்கை அரித்துவிடும், ஆளுக்கும் விஷம். ஒரு டிரம்மில் லேத் பட்டறையில் விழும் இரும்புச் சுருளைத் துருப்பிடிக்க வைத்து நிரப்பி, வாயுவை அதன் வழியே விட்டால் போதும். துரு நிறம் போய்க் கறுத்துவிட்டால் மாற்ற வேண்டும். எடுத்ததைக் குவித்து வைக்காதீர்கள், காற்று பட்டால் அதுவாகவே சூடேறும். ஈரமாக வைத்துப் பரப்பிவிடுங்கள்.

ஈரமில்லாத கழிவுக்கு, அதாவது விறகு, மரத்துண்டு, தேயிலைக் கவாத்துக் குச்சிக்கு, கேசிஃபையர். குறைந்த காற்றில் எரித்து விறகை எரியும் வாயுவாக மாற்றும் அடுப்பு அது. மலைக்குக் கீழே ஓடந்துறை ஊராட்சியில் தண்ணீர் பம்ப் ஓட்ட 9 கிலோவாட்டில் ஒன்று வைத்தார்கள். கவாத்து வெட்டியதை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டாம், இலையும் சன்னக் குச்சியும் தோட்டத்துக்கே உரம். குச்சியில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தார் வடிந்து இன்ஜின் அடைக்கும், நம் ஊரிலோ ஒரு பருவமழை விட்டால் அடுத்தது. ஃபேக்டரியில் வீணாகும் சூட்டில் காயவைக்க இடம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். என்னைக் கேட்டால் தேயிலை ஃபேக்டரிக்குக் கரண்டைவிட இலை வாட்டவும் காயவைக்கவும் வேண்டிய சூட்டை இதில் எடுப்பதே லாபம்.

கேசிஃபையர் வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு, மணமே தெரியாது. குளிருக்கு அறைக்குள் கரி மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் இறந்த செய்தி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வந்திருக்கிறதே, அதே வாயுதான். குளிருது என்று ஷெட்டுக்குப் படுதா கட்டி அடைக்காதீர்கள், இரண்டு பக்கமும் திறந்தே இருக்கட்டும், இரவு ஷிஃப்டுக்கு வருபவர் கட்டிலை அங்கே போடவும் விடாதீர்கள்.