காருக்காகக் காத்திருந்த அம்மா

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். நைந்துபோன சட்டைக் கை, கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற விரல்கள், நெற்றியில் கோடுகள். இரண்டு பக்கமும் இரண்டு குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். மடியில் ஒரு கைக்குழந்தை. 1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே எடுத்தது. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்பது பிற்பாடு அதற்கு நிலைத்த பெயர்.

இந்த முகத்தில் என்ன தெரிகிறது என்று யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். கவலை, நாளைக்கு என்ன செய்வது என்ற திகைப்பு.

அந்தப் பெண்ணின் பெயர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். அப்போது 32 வயது. குடும்பத்தார் பின்னாளில் சொன்ன கதை கொஞ்சம் வேறு. வழியில் கார் பழுதாகி நின்றுவிட்டது, அதைச் சரிபார்க்கத் துணைவரும் மகன்களும் டவுனுக்குப் போயிருந்தார்கள், அவர்கள் வரும்வரை இவர் அங்கே கூடாரம் போட்டுக் காத்திருந்தார். வறுமை பொய்யில்லை. பனியில் பயிர் கருகி, முகாமே பட்டினி கிடந்த நேரம். ஆனால் ஷட்டர் திறந்து மூடிய அந்தக் கணத்தில் அவர் மனதில் ஓடியது எதிர்காலமா, ‘இந்த மனுஷன் இன்னும் காணோமே’ என்பதா? படம் அதைச் சொல்லாது. நாமோ பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறோம்.

அந்த அவசரத்துக்குக் காரணம் மூளைதான். கண்ணில் பட்டது ஒரு முகம் என்பதை மூளை பிரித்தறியச் சுமார் 170 மில்லி நொடி போதும். மூளையின் அடிப்பக்கத்தில், குறிப்பாக வலது பாதியில், முகங்களுக்கென்றே ஒரு பகுதி சுறுசுறுப்பாகிறது. இது யார் என்று பார்ப்பது அதன் முக்கிய வேலை. பார்வை எந்தப் பக்கம், உதடு எப்படி அசைகிறது என்பது போன்ற மாறுகிற விஷயங்களைக் கவனிப்பது காதுக்கு மேற்பக்கமாக ஓடுகிற வேறொரு மடிப்பு.

அந்த மடிப்புக்குக் கிடைக்கிற தகவல் தசைகளின் இழுப்பு, அவ்வளவுதான். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இல் வெளியிட்ட நூலில், முகத்தின் ஒவ்வொரு தசையையும் மின்சாரத்தால் சுருங்கவைத்துப் படமெடுத்துக் காட்டினார். உதட்டோரத்தை மேலே இழுப்பது ஒரு தசை. கண்ணைச் சுற்றியிருக்கிற இன்னொரு தசையும் சேர்ந்தால்தான் மனதாரச் சிரித்த மாதிரி இருக்கிறது என்றார். புருவங்களை நடுவே இழுக்கிற தசைதான் குழப்பக்காரன். துயரம், கோபம், கணக்குப் போடும் மும்முரம், வெயிலில் கண்கூச்சம் என்று எதற்கும் அதே தசைதான் சுருங்குகிறது. என் அக்கா கல்யாண ஆல்பத்தில் அப்பா கண் கலங்கி நிற்கிற படம் ஒன்று உண்டு. பார்க்கிறவர்கள் எல்லாம் உருகுவார்கள். அப்பா மட்டும் “ஹோமப் புகைடா” என்பார். அதையும் நாங்கள் நம்புவதில்லை, அது வேறு விஷயம்.

சரி, உணர்ச்சி உச்சத்துக்குப் போனால் முகம் தெளிவாகப் பேசுமா? நேர்மாறு என்கிறது 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு. ஹிலெல் அவியேசரும் அவருடைய சகாக்களும் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் படங்களை எடுத்துக்கொண்டார்கள். முக்கியமான புள்ளியை ஜெயித்த, அல்லது தோற்ற மறுநொடியில் எடுத்தவை. சிலருக்கு முழுப் படம், சிலருக்குத் தலையை நீக்கிய உடம்பு, சிலருக்கு முகம் மட்டும். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் ஜெயித்தவர் யார், தோற்றவர் யார் என்று பிரிக்கவே முடியவில்லை. உடம்பை மட்டும் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். தோற்றவரின் முகத்தை ஜெயித்தவரின் உடம்பில் ஒட்டினால், அந்த முகமும் ஆனந்தக் கூத்தாடுவதாகத் தெரிந்தது. இதில் அழகு என்னவென்றால், முழுப் படத்தைப் பார்த்தவர்கள் ‘எல்லாம் முகத்திலேயே தெரிகிறதே’ என்றுதான் நினைத்தார்கள். இறுகிய முஷ்டியும் விரித்த மார்பும் தந்த தகவலை மூளை கமுக்கமாக முகத்தின் கணக்கில் எழுதிவிட்டிருந்தது.

தொல்காப்பியம் இந்த விவகாரத்துக்கு வைத்திருக்கிற பெயர் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. (இதை வைத்து ‘அன்றே கண்டுபிடித்த தமிழன்’ என்று வாட்ஸாப்பில் அனுப்பிவிடாதீர்கள். சொல் பொருத்தமாக இருக்கிறது, அவ்வளவே.)

இப்போது லாங்கேயின் படத்துக்குத் திரும்பலாம். குழந்தைகளைக் கையால் மறைத்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள். யோசனையில் இருக்கிற ஒரு பெண், அதற்கு மேல் சொல்வது கஷ்டம். கையை எடுத்தால் கவலை திரும்ப வந்துவிடும். ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பசியாகவும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் துக்கமாகவும் தெரியும் என்று ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் நூறு வருடம் முன்பு சொன்னது இதைத்தான். இங்கே சூப் கிண்ணத்தின் வேலையைக் குழந்தைகளின் பிடரி செய்கிறது. அவர்கள் கேமராவைப் பார்த்திருந்தால் நம் கண் மூன்று முகங்களுக்கிடையே அலைந்திருக்கும்.

அதே நாளில் லாங்கே எடுத்த மற்ற பிரேம்களும் இருக்கின்றன. தூரத்திலிருந்து எடுத்ததில் கூடாரமும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பதின்வயது மகளும் தெரிகிறார்கள். அதில் இந்தக் கனம் இல்லை. கிட்டே போகப் போக விவரங்கள் கழன்று விழுந்து, கடைசியில் சோகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் உறுத்துகிறது என்று பின்னால் நெகட்டிவிலேயே அதை மங்கவைத்தார்கள்.

வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. கூடாரத்தின் நிழலில் ஒளி மெத்தென்று விழுவதால் கண்குழியில் கறுப்பு இல்லை, பார்வை நமக்குக் கிடைக்கிறது. இருட்டறையில் கண்ணாடி முன் நின்று மோவாய்க்குக் கீழே செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். முகத்தில் ஒரு தசையும் அசையாமலே பேய் வந்துவிடும். ஒளி மேலிருந்துதான் வரும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. கீழிருந்து வந்தால் மேடு பள்ளமெல்லாம் இடம் மாறி, தெரிந்த முகமே அந்நியமாகிறது.

முகத்தைப் படமெடுத்து ‘இவர் கோபமாக இருக்கிறார்’ என்று சொல்கிற மென்பொருள்கள் தடுமாறுவதும் இங்கேதான். உளவியலாளர் லிசா பெல்ட்மன் பேரட் உள்ளிட்ட ஐந்து பேர் ஏராளமான ஆய்வுகளை அலசி 2019-இல் எழுதிய கட்டுரைப்படி, கோபத்தில் இருப்பவர்கள் முகத்தைச் சுளிப்பது சராசரியாகச் சுமார் 30 சதவீத நேரம்தான். மைக்ரோசாப்ட் தன் முகமறியும் சேவையிலிருந்து உணர்ச்சியை ஊகிக்கிற வசதியை விலக்கிக்கொள்வதாக 2022-இல் அறிவித்தது. வேலையிடத்திலும் பள்ளிகளிலும் இப்படி ஊகிப்பதை ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவம், பாதுகாப்பு தவிர்த்து, 2025 பிப்ரவரியிலிருந்து தடைசெய்திருக்கிறது.

லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978-இல். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றுதான் தாம்சன் அப்போது சொன்னார். 1983-இல் இறந்தார். கல்லறைக் கல்லில் அவர் பெயருக்குக் கீழே அந்தப் படத்தின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்.