‘தாரே ஜமீன் பர்’ பார்த்துவிட்டு வரும் பெற்றோருக்கு

2007 டிசம்பரில் வெளியான ‘தாரே ஜமீன் பர்’ இந்திப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘எங்கள் பிள்ளையும் இப்படித்தான் இருக்கிறான்’ என்று அழைத்து வரும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு வாசிக்கவும் எழுதவும் கற்பிக்கும் சிறப்பாசிரியர் என்ற முறையில், ஆமிர்கான் இயக்கி நடித்த அந்தப் படத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்ஸியாவை நான் விளக்குவதற்கு முன்பே, படத்தின் சிறுவனை நினைத்து, ‘இஷான் மாதிரியா?’ என்று அவர்களே கேட்டுவிடுகிறார்கள். அதற்கு அடுத்து அவர்கள் கேட்பதுதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது: ‘அப்படியானால் இவனுக்குள் என்ன திறமை ஒளிந்திருக்கிறது?’

மூன்றாம் வகுப்பில் இரண்டாம் முறையாக அமர்ந்திருக்கும் இஷானை வீட்டில் பிடிவாதக்காரன் என்கிறார்கள், பள்ளியில் சோம்பேறி என்கிறார்கள். ஒழுங்குபடுத்துவதற்காக விடுதிப் பள்ளிக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அங்கே தற்காலிக ஓவிய ஆசிரியராக வரும் நிகும்ப் அவனுடைய பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து, ஒரே விதமான பிழைகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொள்கிறார். பிறகு அவன் வீட்டுக்கே சென்று, தந்தையிடம் ஜப்பானிய எழுத்து அச்சிட்ட ஒரு பெட்டியைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். படிக்க முடியாமல் தந்தை திணறும்போது, ‘வேண்டுமென்றே படிக்காமல் இருக்கிறீர்கள்’ என்ற தொனியில் கடிந்துகொள்கிறார். பெற்றோர் கூட்டங்களில் நான் முதலில் காட்ட விரும்பும் காட்சி அதுதான். முயற்சி செய்யாததற்கும் முயன்றும் முடியாமல் போவதற்கும் உள்ள வேறுபாட்டை அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல இயலாது.

படத்தின் இறுதியில் நடக்கும் ஓவியப் போட்டியில் இஷான் முதல் பரிசு பெறுகிறான். ஆசிரியருக்கு இரண்டாம் இடம். திரைக்கதைக்கு அப்படியொரு உச்சம் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர், மற்றக் குழந்தைகளில் பெரும்பாலோரைப் போலவே, ஓவியத்திலோ இசையிலோ சதுரங்கத்திலோ நடுத்தரமாகத்தான் இருக்கிறார்கள். ஈடுகட்டும் திறமை ஒன்று கட்டாயம் இருக்கும் என்று நம்பி, மாலை நேரம் முழுவதையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயிற்சி வகுப்புகளால் நிரப்பி, வாசிப்புப் பயிற்சிக்கு நேரமே இல்லாமல் செய்துவிட்ட குடும்பங்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அந்தக் குழந்தைக்குப் பள்ளியில் ஒரு தோல்வி, ஓவிய வகுப்பில் இன்னொரு தோல்வி என்று இரண்டாகிவிடுகிறது. நிகும்ப் வகுப்பில் ஐன்ஸ்டீன் போன்றோரின் பெயர்களைச் சொல்லி ஊக்கமூட்டும் காட்சியையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐன்ஸ்டீனை யாரும் பரிசோதித்துச் சான்று தரவில்லை. எந்தத் திறமையும் இல்லாத குழந்தைக்கும் வாசிக்கக் கற்றுக்கொள்ளும் உரிமை முழுமையாக உண்டு.

வாசிப்பு எப்படி வருகிறது என்பதைப் படம் ஒரு பாடல் நேரத்துக்குள் காட்டி முடிக்கிறது. மணலில் எழுதுவது, களிமண்ணில் எழுத்துகளை உருவாக்குவது, படிகளில் ஏறி இறங்கிக் கணக்குப் போடுவது ஆகியவை கற்பனை அல்ல. கண், காது, கை மூன்றையும் ஒருசேரப் பயன்படுத்தும் இத்தகைய முறைகளுக்கு அமெரிக்காவில் 1930களிலேயே மருத்துவர் ஆர்ட்டன், கல்வியாளர் கில்லிங்ஹாம் ஆகியோர் அடித்தளம் இட்டார்கள். ஆனால் நடைமுறையில், ஒரு சொல்லைக் கேட்டு அதிலுள்ள ஒலிகளைத் தனித்தனியாகப் பிரிக்கவும், பிரித்ததை எழுத்தோடு இணைக்கவும், இணைத்ததைத் தயங்காமல் வாசிக்கவும் ஒரு குழந்தைக்கு ஓராண்டு, ஈராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. நாள்தோறும் சிறிது நேரம் இடைவிடாமல் செய்தால்தான் பலன் உண்டு. அப்படிச் செய்த பிறகும் வாசிப்பு வேகம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருக்கலாம். டிஸ்லெக்ஸியா குணமாகிவிடும் நோய் அல்ல.

எழுத்துகள் நடனமாடுவதாகக் காட்டும் காட்சியைப் பார்த்துவிட்டுக் கண் மருத்துவரிடம் போய்வந்தவர்கள் ஏராளம். பார்வைக் குறைபாடு இருக்கிறதா என்று சோதிப்பது நல்லதே. ஆனால் சிக்கலின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை, பேச்சொலிகளை மூளை கையாளும் விதத்தில் இருக்கிறது. எழுத்தைத் தலைகீழாக எழுதுவதும் ஆறேழு வயது வரை பல குழந்தைகளிடமும் காணப்படுவதுதான். மேலும் தமிழில் எழுதும் பிள்ளையின் நோட்டில் ஆங்கிலப் பிழைகளைப் போன்றவற்றையே தேடிப் பயனில்லை. நம் எழுத்தில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் எழுதப்படுகிறது, ஆனால் அதன் ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. ‘கொ’ என்ற எழுத்தில் உயிரொலியின் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்கிறது. ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றுதான், ஒலி வேறு வேறு. ஆகவே ‘கொடி’ என்பதைக் ‘காடி’ என்றும், ‘பாட்டு’ என்பதைப் ‘பட்டு’ என்றும், ‘பள்ளி’ என்பதைப் ‘பளி’ என்றும் மூன்றாம் வகுப்பு முடியும் வரை ஒரு குழந்தை தொடர்ந்து எழுதினால் கவனிக்க வேண்டும். லகர, ளகர, ழகரக் குழப்பத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரவேண்டாம். அது பெரியவர்களுக்கே இருக்கிறது.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேருக்காவது இந்தச் சிக்கல் இருக்கக்கூடும். பாடத்திட்டத்தின் சுமை குறைவாக உள்ள ஓவிய ஆசிரியரைப் போல, அந்த வகுப்பின் ஆசிரியரால் ஒரு மாணவனுக்காக மணிக்கணக்கில் ஒதுக்க முடியாது. அதற்காக அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. ஆனால் நோட்டைப் பார்த்துப் பிழைகளின் போக்கைக் குறித்து வைப்பதும், எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசிக்கச் சொல்லாமல் இருப்பதும், தெரிந்த விடையை வாய்மொழியாகச் சொல்ல வாய்ப்பளிப்பதும் எந்த ஆசிரியராலும் செய்யக்கூடியவை. நிகும்ப் தலைமையாசிரியரிடம் நேரில் சென்று அனுமதி கேட்கும் காட்சியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நிர்வாகம் ஒப்புக்கொள்ளாமல், ஓர் ஆசிரியரின் அர்ப்பணிப்பு மட்டும் அதிக தூரம் போகாது.

படம் வெளியான காலத்தில் நடைமுறையிலிருந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, அதை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் பள்ளியே முதற்கட்டமாகக் கண்டறிய வேண்டும் என்றும், எட்டு வயதுக்குப் பிறகே சான்றிதழ் வழங்கலாம் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு வேண்டும் என்றும் கூறியது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளுக்கு இந்தச் சான்றே அடிப்படை. உளவியல் மதிப்பீடு, மருத்துவக் குழு, பள்ளியின் விண்ணப்பம், தேர்வுத் துறையின் ஒப்புதல் என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க நேர்வதால், பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிறகு ஓடிவருவது மிகவும் தாமதம். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். சான்றுக்கான விண்ணப்பத்தை ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்திலேயே பள்ளியிடம் எழுத்துமூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.