கேமரா ஏன் ஓப்பன் ஆகலன்னு கேட்டா பதில் ஒரு மீட்டிங் ரூம்ல இருக்கு

சேலத்துல நெட்வொர்க் வேலை பார்க்கிறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, மாசத்துக்கு நாலு பேராவது கேட்கிற கேள்வி இதுதான்: கேமரா கடைக்குள்ள வைஃபைல ஓப்பன் ஆகுது, வெளியூர் போனா ஓப்பன் ஆகல. செவ்வாப்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்கிற ஒரு அண்ணன் போன வருசம் இதே பிரச்சனைக்குத்தான் கூப்பிட்டாரு. "தம்பி, ஏற்கனவே ரெண்டு பேரு வந்து போர்ட் ஃபார்வர்டிங் பண்ணிட்டு காசும் வாங்கிட்டுப் போயிட்டாங்க, இன்னும் டிவிஆர் தெரியல"ன்னாரு. (டிவிஆர்னா கேமரா ரெக்கார்ட் பண்ற பெட்டி, போர்ட் ஃபார்வர்டிங்னா வெளிய இருந்து வர்ற கனெக்‌ஷனை ரவுட்டர் அந்தப் பெட்டிக்குத் திருப்பி விடுறது.) ரவுட்டருக்குள்ள போய் வான் ஐபி, அதாவது ஆபரேட்டர் பக்கத்துல இருந்து ரவுட்டருக்குக் கிடைச்ச அட்ரஸைப் பார்த்தா 100-ல ஆரம்பிச்சு ரெண்டாவது நம்பர் 64-க்கும் 127-க்கும் நடுவுல இருக்கு. அதைப் பார்த்த உடனே டூல்ஸ் பையை மூடிடலாம்ங்க, அந்த ரவுட்டர்ல என்ன செட்டிங் பண்ணாலும் வெளிய இருந்து உள்ள வரமுடியாது.

"அப்போ இவங்க எனக்குப் போலி ஐபி குடுத்து ஏமாத்திட்டாங்களா தம்பி?"ன்னு கேட்டாரு. ஏமாத்தல அண்ணா. அந்த நம்பர் முறைப்படி ஒதுக்கினது. யார் ஒதுக்குனாங்க, எப்படிச் சண்டை போட்டு ஒதுக்குனாங்கங்கிறதைத்தான் எழுத உட்கார்ந்தேன், ஏன்னா இந்த ஃபீல்டுல பத்து வருசம் இருக்கிற பசங்களே ஸ்டாண்டர்டுனா ஏதோ அமெரிக்க கவர்மெண்ட் ஜிஓ போடுற மாதிரி நினைச்சுட்டு இருக்காங்க.

முதல்ல உங்க வீட்டு ஃபைபர் பெட்டியையே எடுத்துக்குங்க. உள்ள வர்ற ஃபைபர்ல ஓடுறது ஜிபான்ங்கிற ஃபைபர் முறையா இருந்தா அது ஐடியூ-டிங்கிற ஐ.நா. டெலிகாம் அமைப்பு போட்ட ஜி.984 சீரிஸ், அங்க அரசாங்கங்கள்தான் மெம்பர், கம்பெனிகளும் சேரலாம். பெட்டி பின்னாடி இருக்கிற லேன் போர்ட் ஐஇஇஇங்கிற இன்ஜினியருங்க சங்கத்தோட 802.3, வைஃபை 802.11, இங்க ஆளுக்கு ஆள் தனித்தனி ஓட்டு, ஆனா தொடர்ந்து மீட்டிங்குக்கு வந்தாதான் ஓட்டுரிமை. அதுக்கு மேல ஓடுற ஐபி, டிசிபி, டிஎன்எஸ் இதெல்லாம் ஐஇடிஎஃப்ங்கிற இன்டர்நெட் ஸ்டாண்டர்டு எழுதுற கூட்டம். இங்க மெம்பர்ஷிப்பே கிடையாது, ஓட்டும் கிடையாது. ஒரே பெட்டிக்குள்ள மூணு சங்கம், மூணு விதமான பஞ்சாயத்து.

ஓட்டு போட்டா ஈஸியா முடிஞ்சிடுமேன்னு தோணும். ஐஇஇஇல டெக்னிக்கல் முடிவுக்கு 75 சதவீதம் வேணும். 802.15.3ஏ-ன்னு ஒரு டாஸ்க் குரூப், அல்ட்ரா வைட்பேண்டுங்கிற குறைஞ்ச தூர வயர்லெஸ்ஸுக்காக உட்கார்ந்தாங்க, கம்பெனிங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு ரெண்டு டெக்னாலஜியைத் தூக்கிட்டு வந்து வருசக்கணக்குல மோதி, எந்தப் பக்கமும் 75-ஐத் தொட முடியாம 2006 ஜனவரில குரூப்பையே கலைச்சுட்டாங்க. ஸ்டாண்டர்டும் இல்ல ஒண்ணும் இல்ல.

ஐஇடிஎஃப் கதை வேற. 1986 ஜனவரில சான் டியாகோவுல 21 பேர் உட்கார்ந்ததுதான் முதல் மீட்டிங். இப்ப வருசத்துக்கு மூணு தடவை, ஒவ்வொண்ணும் ஒரு வாரம், வேற வேற நாட்டுல நடக்குது. 1992-ல இன்டர்நெட்டை ஆரம்பத்துல வடிவமைச்சவங்கள்ல ஒருத்தரான டேவிட் கிளார்க் அங்க பேசினப்ப சொன்னதோட சாரம் இன்னிக்கும் ஓடுது: ராஜா வேண்டாம், ஜனாதிபதி வேண்டாம், ஓட்டெடுப்பும் வேண்டாம், ஏறக்குறைய எல்லாரும் ஒத்துக்கிட்டா போதும், கூடவே ஓடுற கோடு, அதாவது நிஜமா வேலை செய்யுற புரோகிராம் இருக்கணும். இதுல ரெண்டாவது பாதியைத்தான் நம்ம ஆளுங்க கவனிக்கிறதில்ல. 2015-ல இருந்து மீட்டிங்குக்கு முந்தின சனி ஞாயிறுல ஹாக்கத்தான்னு ஒண்ணு வைக்கிறாங்க, அங்க கம்பெனிங்க எழுதின கோடை ஒண்ணோட ஒண்ணு மோதவிட்டு எங்க உடையுதுன்னு பார்க்கிறாங்க, திங்கக்கிழமை வொர்க்கிங் குரூப்ல, அதாவது ஒரு தலைப்புக்கான கமிட்டில உட்காரும்போது ஸ்லைடு காட்டி ஏமாத்த முடியாது.

நான் ரிமோட்லதான் பார்ப்பேன். வான்கூவர்ல நடந்தா நமக்கு ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ஆரம்பிக்கும், அடுத்த நாள் சைட்டுக்குப் போகணும்னா கஷ்டம்தான். ஆரம்பத்துல நோட் வெல்னு ஒரு ஸ்லைடு போடுவாங்க, பேசப்போற விஷயத்துல உங்களுக்கோ உங்க கம்பெனிக்கோ பேட்டண்ட் இருக்குன்னு தெரிஞ்சா சொல்லியாகணும்ங்கிறது அதுல முக்கியம். அப்புறம் யார் மினிட்ஸ் எழுதுறீங்கன்னு கூட்டத்தை நடத்துற சேர் கேட்பாரு, ரூமே அமைதியாயிடும், இது மட்டும் உலகம் பூரா ஒரே மாதிரி போல. மைக் முன்னாடி கியூ, பேரைச் சொல்லிட்டுதான் பேசணும், பெரிய கம்பெனி ஆளுன்னாலும் தனி ஆளாத்தான் கணக்கு. "இந்த டிராஃப்டைப் படிச்சவங்க எத்தனை பேரு, கையைத் தூக்குங்க"ன்னு சேர் கேட்கிற நேரம் இருக்கே, நூறு பேர் உட்கார்ந்திருக்கிற ரூம்ல சில சமயம் பத்து கைதான் எழும்பும். அந்தப் பத்து பேர்தான் உங்க நெட்வொர்க் எப்படி ஓடணும்னு எழுதுறாங்க.

முடிவு எடுக்கிற விதம்தான் வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்கு வேடிக்கையா இருக்கும். இதை ஏத்துக்கலாம்னு நினைக்கிறவங்க வாயை மூடிக்கிட்டு "ம்ம்ம்"ன்னு முனகுங்கம்பாங்க, அப்புறம் வேண்டாம்ங்கிறவங்க முனகுங்கம்பாங்க. யார் முனகினாங்கன்னு தெரியாது, எத்தனை பேருன்னு எண்ணவும் முடியாது, அது வேணும்னேதான் அப்படி. கொரோனாவுக்கு அப்புறம் ஆன்லைன்ல கை தூக்குற பட்டன் வந்திருக்கு. ஆனா சத்தம் பெருசா கேட்டா ஜெயிச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல. 2014-ல வந்த ஆர்எஃப்சி 7282 (ஆர்எஃப்சினா ஐஇடிஎஃப் நம்பர் போட்டு வெளியிடுற டாக்குமெண்ட்) இதை நல்லா விளக்குது: நூறு பேர் சரின்னும் அஞ்சு பேர் வேண்டாம்னும் சொன்னா அது கன்சென்சஸ் (ஒத்த கருத்து) இல்லாமயும் இருக்கலாம், அஞ்சு பேர் சரின்னும் நூறு பேர் வேண்டாம்னும் சொன்னா அது கன்சென்சஸா இருக்கவும் செய்யலாம். கேள்வி எத்தனை பேருங்கிறது இல்ல, அந்த எதிர்ப்புல டெக்னிக்கலா ஒரு பாயிண்ட் இருக்கா, அதுக்கு யாராவது நேரா பதில் சொன்னாங்களாங்கிறதுதான். ரூம்ல முடிவானாலும் அது முடிவு இல்ல, மெயிலிங் லிஸ்ட்ல போட்டு வராத ஆளுக்கும் சான்ஸ் குடுத்த பிறகுதான்.

இப்ப 100.64-க்கு வருவோம். 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி உலகத்துக்கே ஐபி நம்பர் பங்கு போடுற ஐயானா கையில இருந்த ஐபிவி4, அதாவது பழைய வகை ஐபி அட்ரஸ் ஸ்டாக் காலி. ஏப்ரல்ல நம்ம ஏசியா பசிபிக் பக்கம் நம்பர் குடுக்கிற ஏப்னிக்கும் கடைசி /8-க்கு, அதாவது கடைசிப் பெரிய பிளாக்குக்கு வந்திடுச்சு. ஆபரேட்டருங்க ஒரு பப்ளிக் ஐபியைப் பல கஸ்டமருக்குப் பங்கு போடணும், அதான் சிஜிநாட். நடுவுல குடுக்க ஒரு பிரைவேட் ரேஞ்ச் வேணும். 10.x குடுக்கலாமேன்னா, கஸ்டமர் வீட்டு ரவுட்டரே உள்ள 10.x வச்சிருந்தா ரெண்டு பக்கமும் ஒரே அட்ரஸாகி சில ரவுட்டருங்க மண்டை குழம்பிடும், 192.168-க்கும் இதே கதிதான். அதனால தனியா ஒரு /10 குடுங்கன்னு கேட்டாங்க, அதாவது 41,94,304 அட்ரஸ். பஞ்ச காலத்துல நாற்பது லட்சம் அட்ரஸைத் தூக்கி யாரோடதும் இல்லாம வைக்கச் சொல்றாங்க, சண்டை வராம இருக்குமா? இதைக் குடுத்தா அட்ரஸ் பஞ்சமே இல்லாத ஐபிவி6-க்கு மாறுறதை எல்லாரும் தள்ளிப்போடுவாங்கன்னு ஒரு பக்கம், குடுக்கலைன்னா ஆபரேட்டருங்க கண்ட ரேஞ்சைத் திருடி ஓட்டுவாங்க அது இன்னும் மோசம்னு இன்னொரு பக்கம். கடைசியில 2012 ஏப்ரல்ல ஆர்எஃப்சி 6598 வந்துச்சு. அதோட முகப்புலயே ஐஇடிஎஃப்போட மேல்கமிட்டியான ஐஇஎஸ்ஜி ஒரு குறிப்பு போட்டிருக்கு, இதுக்குக் கிடைச்சது ரொம்பவே கரடுமுரடான கன்சென்சஸ்தான், நாங்க இன்னும் ஐபிவி6 பக்கம்தான் நிக்கிறோம்னு. ஒரு ஸ்டாண்டர்டு டாக்குமெண்ட் தன் நெத்தியிலயே இப்படி எழுதிக்கிறது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்ம ஊர்ல ஒரு சங்கக் கூட்டத்து மினிட்ஸ்ல இப்படி உண்மையை எழுதுவாங்களா?

அதே ஆர்எஃப்சில இன்னொண்ணு இருக்கு, இந்த ரேஞ்ச் பாக்கெட் ஒரு ஆபரேட்டர் எல்லையைத் தாண்டிப் போகவே கூடாது, வந்தா ஃபில்டர் பண்ணியாகணும்னு கட்டாயமா சொல்லுது. லிங்க் எடுத்துக் குடுக்கிற எல்சிஓ (லோக்கல் கேபிள் ஆபரேட்டர்) அண்ணன்களே, உங்க அப்லிங்க்ல 100.64 சோர்ஸ் பாக்கெட் வெளிய லீக் ஆகுதான்னு ஒரு நாள் பாருங்க. கஸ்டமருங்க நீங்க கேட்க வேண்டியது ஸ்டேடிக் பப்ளிக் ஐபி, இல்லன்னா ஐபிவி6 ஆன் பண்ணிக் குடுங்கன்னு. ரெண்டும் இல்லன்னா டிவிஆரோட கிளவுட் ஆப். போர்ட் ஃபார்வர்டிங்குக்கு மட்டும் திரும்பக் காசு குடுக்காதீங்க.

இன்னொரு கதை, இது எங்க வயித்தெரிச்சல் சம்பந்தப்பட்டது. ஏற்காடு மேல எஸ்டேட்டுகளுக்குப் போற லைன் எப்படி இருக்கும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், ஃபைபர் சில்வர் ஓக் மரத்துல கட்டியிருக்கும், காத்து மழைல கிளை விழுந்தா போச்சு, ஃபைபர் போகாத இடத்துக்கு ரேடியோ லிங்க். நாகலூர் பக்கம் ஒரு கஸ்டமர் ஸ்லோன்னா, ஸ்லோ எங்க கிளம்புதுன்னு கண்டுபிடிக்கணும், மலை மேலயா, சேலம் பக்கமா, அதைத் தாண்டியா. முன்னாடி டிசிபியா இருந்தப்ப நடுவுல ஒரு கேப்சர் போட்டு ஓடுற பாக்கெட்டைப் பார்த்தா ஹேண்ட்ஷேக்ல, டைம்ஸ்டாம்ப்ல ரவுண்டு ட்ரிப், அதாவது போய்த் திரும்ப வர்ற நேரம் எவ்ளோன்னு தெரிஞ்சிடும். யூடியூப் மாதிரி ட்ராஃபிக் க்விக்ங்கிற புது முறைக்கு மாறினதும் உள்ள எல்லாம் என்கிரிப்ட் ஆயிடுச்சு, நடுவுல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியல.

க்விக் கூகுள் பண்ணதுதான், ஆனா 2016-ல வொர்க்கிங் குரூப் ஆரம்பிச்சு 2021 மே மாசம் ஆர்எஃப்சி 9000-ஆ வெளிய வரும்போது கூகுளோட சொந்த கிரிப்டோவைத் தூக்கிட்டு டிஎல்எஸ் 1.3-ங்கிற பொதுவான என்கிரிப்ஷனை வச்சுட்டாங்க, மெயின் டிராஃப்ட் மட்டும் 34 வரைக்கும் போச்சு. அங்க ஆபரேட்டர் தரப்புல கேட்டது ஒரே ஒரு பிட். ஸ்பின் பிட்னு பேரு. சர்வர் வந்த மதிப்பை அப்படியே திருப்பி அனுப்பணும், கிளையண்ட் அதை மாத்தி அனுப்பணும், அவ்ளோதான், நடுவுல நின்னு பார்க்கிறவனுக்கு அந்த பிட் ஒவ்வொரு ரவுண்டு ட்ரிப்புக்கும் ஒரு தடவை மாறும், மாறுற இடைவெளியை அளந்தா லேட்டன்சி. பிரைவசி ஆளுங்க விடல, விபிஎன் பின்னாடி இருக்கிற ஆளு எவ்ளோ தூரத்துல இருக்கான்னு இதை வச்சு ஊகிக்கலாமேன்னு. அது நியாயமான கேள்விதான், நான் ஆபரேட்டர் பக்கம்னாலும் ஒத்துக்கிறேன். தனியா ஒரு டிசைன் டீம் போட்டு அலசுனாங்க, கூட ரெண்டு பிட் சேர்த்தா அளவு இன்னும் சுத்தமா வரும்னு வந்த யோசனை உள்ள வரல, கடைசியில ஒரு பிட் கிடைச்சுது, அதுவும் விருப்பப்பட்டா மட்டும், அதை ஆன் பண்ணி வச்சவங்களும் குறைஞ்சபட்சம் 16-ல ஒரு பாதைக்கு ரேண்டமா ஆஃப் பண்ணியாகணும். ஏன் அந்த ரேண்டம்னா, எல்லா நேரமும் சிலர் ஆஃப்ல இருந்தாதான் வேணும்னே ஆஃப் பண்ணவன் தனியாத் தெரியமாட்டான்.

ஒரு பிட்டுக்கு இவ்ளோ. அதுவும் கிடைச்சதுக்குக் காரணம் ஆபரேட்டர் பக்கத்து ஆளுங்களும் ஆராய்ச்சி பண்றவங்களும் கோடு எழுதி, அளந்து, இதுக்கு மேல தகவல் கசியாதுன்னு காட்டுனதுதான். கேபிள் டிவில இருந்து ஃபைபருக்கு மாறின நம்ம ஊர் ஆபரேட்டர் மாதிரி யாரையும் நான் பார்த்த செஷன்கள்ல மைக் முன்னாடி பார்த்ததில்ல. மலை லிங்க், அடிக்கடி கரண்ட் போறது, ஐநூறு வீட்டுக்கு ஒரு சின்ன சிஜிநாட் பாக்ஸ், இதெல்லாம் எங்களுக்குத் தினப்படி, அங்க எழுதுறவங்களுக்கு யாராவது சொன்னாதானே தெரியும்.

சேலம் காலேஜ் பசங்க நிறைய பேரு எப்படிச் சேர்றதுன்னு கேட்கிறாங்க. சேர்றதுன்னு ஒண்ணும் இல்ல தம்பி, லிஸ்ட்ல மெயில் ஐடியைப் போட்டா சேர்ந்தாச்சு. ஆர்எஃப்சி, டிராஃப்ட் எல்லாமே ஃப்ரீ, மீட்டிங்குக்கு ரிமோட்ல வர கட்டணம் உண்டு, கட்ட முடியலன்னா தள்ளுபடி கேட்கலாம். முதல் வேலையா பெரிய ஐடியா எதுவும் தூக்கிட்டுப் போகாதீங்க. ஒரு வொர்க்கிங் குரூப்பைப் புடிச்சு அதோட சார்ட்டரை, அதாவது அந்தக் குரூப்போட வேலைத் திட்டத்தைப் படிங்க, ரெண்டு மாச பழைய மெயிலைப் படிங்க, அப்புறம் ஓடிட்டு இருக்கிற ஒரு டிராஃப்டை முழுசா படிச்சு எங்க புரியலையோ அதை எழுதி அனுப்புங்க. "செக்‌ஷன் 4-ல இந்த டைமர் முடிஞ்சா என்ன ஆகும்னு எழுதல"ன்னு நாலு வரி மெயில் போதும், எழுதின ஆளே நன்றி சொல்லிட்டு அடுத்த வெர்ஷன்ல திருத்துவாரு. டிராஃப்ட் ஆறு மாசத்துல காலாவதி ஆயிடும், புதுப்பிக்கணும்னா யாராவது படிச்சு கமெண்ட் போட்டிருந்தாதான் எழுதினவருக்கும் தெம்பு இருக்கும், அதனால படிக்கிற ஆளுக்கு அங்க எப்பவும் கிராக்கி. வெளிவந்த ஆர்எஃப்சில தப்பு இருந்தா எர்ராட்டாவுக்குத் தனி ஃபார்ம் இருக்கு, அதுல யார் வேணும்னாலும் போடலாம், அதுக்கு எந்த லிஸ்ட்லயும் இருக்கணும்னுகூட அவசியம் இல்ல.