பால் குடித்தால் ஈயம் இறங்காது

பழைய எஃகுப் பாலங்களின் பூச்சைச் சோதிப்பது என் தொழில். சென்ற மாதம் ஆற்றுப் பாலம் ஒன்றின் புதுப்பிப்புப் பணியில், மூன்று வாரமாக வயிற்றுவலியோடும் மலச்சிக்கலோடும் பெயிண்ட் சுரண்டும் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டிருந்த பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவர், "உடம்புச் சூடுதான் அண்ணே, பால் குடிக்கிறேன், சரியாகிவிடும்" என்றார். இந்தப் பதிலை எத்தனை தளங்களில்தான் கேட்பது? அந்த வலியும் மலச்சிக்கலும் ஈயம் உடம்பில் ஏறியதாலும் வரும்.

அவர் சுரண்டிய சாம்பல்நிறப் பெயிண்டுக்கு அடியில், நகத்தளவு பெயர்ந்த இடத்தில், ஆரஞ்சுச் சிவப்பாக ஓர் அடுக்கு தெரிந்தது. அது ஈயச் செந்தூரம், அதாவது ஈயம் கலந்த அடிப்பூச்சு. தளத்தில் 'ரெட் லெட்' என்பார்கள். நம் சிங்கப்பூரின் கேவனா பாலம் கட்டப்பட்ட 1869 காலத்திலும், அதற்குப் பின் நெடுங்காலமும், இரும்புக் கட்டுமானங்களுக்கு அதுவே வழக்கமான அடிப்பூச்சு. ஆகவே பழைய பாலம் என்றால், சோதனைக்கூட அறிக்கை இல்லையென்று சொல்லும்வரை, ஈயம் இருப்பதாகவே கொள்ள வேண்டும். நடுத்தூணின்மேல் சுழன்று கப்பலுக்கு வழிவிடும் சுழல் பாலமானால் கவலை இன்னும் கூடும்: அந்தத் தூணின் மேலுள்ள உருளைகளையும் பல்சக்கரத்தையும் சுத்தம் செய்யக் குனிந்து நுழையும் இடுக்கில் காற்று நகராது, தூள் பழைய கிரீஸிலும் ஊறிக் கிடக்கும்.

இனி அந்தப் பால் கதை. தூசி வேலை செய்பவருக்குப் பாலும் வெல்லமும் வாழைப்பழமும் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அதிலுள்ள அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பால் போவது இரைப்பைக்கு. தூளோ மூச்சுவழியே நுரையீரலுக்குள் போய், அங்கிருந்து இரத்தத்தில் கலந்து, பெரும்பகுதி எலும்பில் படிந்து பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது. எலும்பில் இருப்பதை எந்தப் பால் கழுவும்? வெறும் வயிறும் கால்சியம் குறைந்த உடலும் விழுங்கிய ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பது உண்மைதான். அந்த அரை உண்மைதான் இந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்கிறது. தூள் படிந்த கையால் பால் பாக்கெட்டைப் பிரித்தால், பாலோடு ஈயத்தையும் சேர்த்தே குடிக்கிறீர்கள்.

உலர்ந்த பூச்சின்மேல் தூசி உறிஞ்சி பொருத்தாத கிரைண்டரை வைக்காதீர்கள். அதே பூச்சின்மேல் கேஸ் கட்டிங், அதாவது எரிவாயுச் சுடரால் இரும்பை வெட்டுவதை, செய்யவே செய்யாதீர்கள். எழுவது ஈயப் புகை. காதில் மாட்டும் நீலநிற முகக்கவசம் இதற்குப் பயன்படாது. வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசமும் தாடியின்மேல் ஒட்டாது. கைகழுவாமல் சோற்றுப் பொட்டலத்தையோ சிகரெட்டையோ தொடாதீர்கள். வேலைச் சட்டையோடு டார்மிட்டரிக் கட்டிலில் உட்காராதீர்கள், உங்களோடு அறையில் இருப்பவர்களை நினைத்தாவது.

மேற்பார்வையாளர்களே, வேலை தொடங்குமுன் ஒரு துணுக்குப் பெயிண்டைச் சோதனைக்கு அனுப்பச் சோம்பலா? ஈயத்தோடு வேலை செய்பவருக்கு மருத்துவப் பரிசோதனை சிங்கப்பூரில் சட்டக் கட்டாயம். அது நீங்கள் காட்டும் சலுகையன்று.

அந்தத் தம்பியை இப்போது இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சம்பளம் பிடிப்பார்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தம்பிகளே, வயிறு வலித்து மருத்துவரிடம் போனால், "பழைய பெயிண்ட் சுரண்டுகிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வாயு மாத்திரையோடு திரும்பி வருவீர்கள்.